போர் தண்ணீரை விட்டுவிட்டு பேஸ்ட்டைத் திட்டலாமா?

ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்களைச் சேலத்துக் கடைகளில் இப்போது பார்க்க முடிகிறது. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்துத் தர்மபுரியில் ஃப்ளோரைடு என்ற தாது உப்பு அளவுக்கு மீறிக் கலந்த நிலத்தடி நீர் எத்தனை பேரின் பல்லையும் மூட்டையும் பாழாக்கியது என்று நமக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். நம் மாவட்டத்திலும் சில ஊர் ஆழ்துளைக் கிணறுகளில், அதாவது போர் தண்ணீரில், இந்தத் தொல்லை உண்டு. ஆனால் தண்ணீர் மேல் வரவேண்டிய பயத்தைப் பேஸ்ட் மேல் காட்டுவதுதான் முதல் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு குழந்தை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால், அந்த 3 மில்லிகிராமும் வயிற்றுக்குள் போகிறது. 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு, அதாவது கால் கிராம், எடுத்து அப்படியே விழுங்கினால்கூட கால் மில்லிகிராம்தான். அதையும் நாம் துப்பிவிடுகிறோம்.

பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடின் வேலை பல்லின் மேற்பரப்பில். இனிப்பும் சோறும் தின்ற கிருமிகள் அமிலத்தைக் கக்க, பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலிலிருந்து சுண்ணச்சத்து கரைகிறது. அதை மறுபடி படியவைக்க ஃப்ளோரைடு உதவுகிறது. அப்படிப் படிந்த இடம் அடுத்த அமிலத்துக்கு அவ்வளவு லேசில் கரையாது. சொத்தை தள்ளிப்போவது இதனால்தான்.

அடுத்த தவறு, தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. ஃப்ளோரைடு ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ருசியிலும் நிறத்திலும் எதுவும் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அளவு கூடுதல் என்றால் குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. கருவியில் வடித்த தண்ணீர். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயது அது, ஃப்ளோரைடு கூடினால் பல்லில் கறை விழுவதும் அப்போதுதான்.

அந்தக் கறையை அழுக்கு என்று நினைத்து அடுப்புக்கரி, செங்கல் பொடி, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஃப்ளோரைடு கறை எனாமலுக்கு உள்ளேயே இருக்கிறது, தேய்த்தால் போகாது. எனாமல்தான் போகும். கூடவே பல் கூச்சமும் வரும். ஏற்காட்டில் கடுங்காப்பி குடித்துப் பழகியவர்களின் பல்லில் ஏறும் பழுப்பு வேறு ரகம். அது மேலோடு படிவது. பல் டாக்டர் ஒருமுறை சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். எது எது என்று கண்ணாடி பார்த்து முடிவு கட்டாமல் அவரிடமே காட்டுங்கள்.

வேப்பங்குச்சியைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக மென்று நார் நாராக்கித் தேய்த்தால் பல் சுத்தமாகும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இரண்டும் பேஸ்ட்டுக்கு ஈடு இல்லை, சொத்தை விழும் பிள்ளைக்கு நிச்சயமாக இல்லை. கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும்.

ஏற்காட்டு ஆரஞ்சோ எலுமிச்சை ஜூஸோ உள்ளே போனதும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். புளிப்பில் எனாமல் இளகியிருக்கும், அரை மணி நேரம் போகட்டும்.

அப்புறம் பேஸ்ட்டின் அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, அதுவும் பெரியவர் பக்கத்தில் நின்று துப்பவைக்க வேண்டும். பெரியவர்களோ துலக்கியதும் சொம்புத் தண்ணீரில் கொப்பளித்து, இருந்த ஃப்ளோரைடையும் கழுவி விடுகிறார்கள். நுரையை நன்றாகத் துப்பினால் போதும். ராத்திரி படுக்கும் முன் துலக்கும்போது இதைச் செய்தால் பலன் அதிகம்; தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறுவதால் பல்லுக்கு அப்போதுதான் காவல் குறைவு.