சைக்கிள் குழுவில் கட்சிச் சண்டையைச் சமாளித்த விதம்

சைக்கிள் ஓட்டுபவர்களுக்குச் சாலையில் இடம் கேட்கும் எங்கள் சைக்கிள் குழுவில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. தேர்தல் நெருங்கினால் போதும், தடுப்பு வைத்த சைக்கிள் பாதை பற்றிய பேச்சு, யார் ஆட்சியில் சாலை நன்றாக இருந்தது என்ற சண்டையாக மாறிவிடும். சிலர் விலகிவிடும் அளவுக்குப் போனது.

அரசியலே பேசக் கூடாது என்று விதி போடலாம் என்றார்கள். அது நடக்காது. சாலையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதே அரசியல்தானே! அதனால் வேறு மாதிரி வைத்தோம்: கட்சிப் பெயர், தலைவர் பெயர் வேண்டாம், தெருப் பெயரும் பாதையின் அகலமும் சொல்லுங்கள். "இந்த அரசே இப்படித்தான்" என்று யாராவது தொடங்கினால், கூட்டம் நடத்துபவர் "சரி, எந்தச் சந்திப்பு? அங்கே என்ன மாற வேண்டும்?" என்று மட்டும் கேட்பார். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறம் கோரிக்கைகளைச் சுருக்கினோம். வேகக் குறைப்பில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் இயக்க ஆற்றல், அதே கார் 30-ல் வரும்போது இருப்பதைவிட நான்கு மடங்கு. இதில் கட்சி பார்க்க என்ன இருக்கிறது? நெரிசலான பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தில் மட்டும் ஒத்துவரவே இல்லை. அதைக் குழுவின் பெயரில் பேசுவதில்லை என்று ஒதுக்கிவிட்டோம்.

வேட்பாளர்கள் அனைவருக்கும் ஒரே கேள்வித்தாள்தான் போகும், ஆதரவு யாருக்கும் கிடையாது. மனு கொடுக்க எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவரைச் சேர்த்தே அனுப்புகிறோம். இவர்கள் யார் பக்கம் என்று புரியாமல் அதிகாரிகள் முழிப்பதைப் பார்ப்பது தனிச் சுகம்.