டெல்டா சாலைக்கு மாற்று டயர்: எரிபொருள் திறன் பார்த்து வாங்கும் முறை

சம்பா அறுவடை முடிந்து கையில் சிறிது பணம் புழங்கும் தை, மாசி மாதங்களில்தான் எங்கள் பக்கத்தில் பலர் காருக்கு டயர் மாற்றுவார்கள். கடைக்காரர் இரண்டு மூன்று கம்பெனிகளின் பெயரையும் விலையையும் சொல்வார். நாம் அவற்றில் மலிவானதைக் காட்டி, 'இதையே போட்டுவிடுங்கள்' என்போம். மன்னார்குடியில் இரண்டு வாடகைக் கார்கள் வைத்திருக்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிப் பார்க்கிற நாம், பெட்ரோல் செலவைத் தீர்மானிப்பதில் பங்குள்ள டயரை அப்படிப் பார்ப்பதில்லை.

புதிய காரோடு வரும் டயரைக் கார் கம்பெனி தேர்ந்தெடுக்கிறது. அறிவிக்கும் மைலேஜுக்குக் கம்பெனியே பொறுப்பு என்பதால், எளிதாக உருளும் டயராகப் பார்த்து மாட்டி அனுப்புகிறது. அந்த டயர் தேய்ந்த பிறகு நாம் போடும் மாற்று டயருக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. இந்த இடைவெளியைக் கவனித்துத்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2003-ஆம் ஆண்டிலேயே, சந்தையில் விற்கும் மாற்று டயர்கள் சராசரியாகப் புதிய காரோடு வரும் டயர்களுக்குக் குறையாத எரிபொருள் திறன் உடையனவாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒரு சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் இப்போது இதற்கு விதி இருக்கிறது.

விதியைப் புரிந்துகொள்ள 'உருளல் தடை' என்ற ஒரு சொல் தெரிந்தால் போதும். சக்கரம் சுற்றச் சுற்ற, தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி மீண்டும் விரிகிறது; நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் விரியும்போது திரும்பி வருவதில்லை, ஒரு பகுதி சூடாகிப் போய்விடுகிறது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வந்து வண்டியை நிறுத்தியவுடன் டயரின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் படுகிற அந்தச் சூட்டில் நீங்கள் பங்க்கில் போட்ட பெட்ரோலும் கொஞ்சம் இருக்கிறது. இந்த இழப்பை, ஒரு டன் எடையை உருட்டிக்கொண்டே இருக்க எத்தனை கிலோ இழுவிசை வேண்டும் என்ற கணக்கில் அளக்கிறார்கள். டயர்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 117-ஆம் ஒழுங்குமுறையின் இரண்டாம் கட்ட வரம்பு, கார் டயருக்கு டன்னுக்கு 10.5 கிலோ, சிறு சரக்கு வண்டி டயருக்கு 9 கிலோ, லாரி மற்றும் பேருந்து டயருக்கு 6.5 கிலோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரையில் 'ஏ' வகுப்பு பெற வேண்டுமானால் கார் டயர் 6.5 கிலோவுக்குள் நிற்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட டயருக்கும் சிறந்த டயருக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இதனால் பணம் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்று அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2006-இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் 800 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இரண்டு டயர்களுக்கு இடையே உருளல் தடையில் 20 சதவீத வேறுபாடு இருந்தால், ஆண்டுக்கு 16 முதல் 32 லிட்டர் வரை மிஞ்சும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,600 முதல் 3,200 ரூபாய். வீட்டுக் காருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் டயரின் ஆயுளான மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பார்த்தால், கடையில் பேரம் பேசிக் குறைத்த தொகையைக் காட்டிலும் இது பெரிது என்பது தெரியும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கோ சொல்லவே வேண்டாம்.

நம் நாட்டு விதிக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூன் மாதம் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 95-ஆம் விதியைத் திருத்தி, உருளல் தடை, ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும்போது எழும் ஓசை ஆகிய மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரத்தைக் கட்டாயமாக்கியது. புதிய வடிவமைப்பில் வரும் டயர்களுக்கு அது 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த வடிவமைப்புகளுக்கு உருளல் தடையும் ஈரப் பிடிப்பும் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயின. கார் டயர் சி1, குட்டி யானை போன்ற சிறு சரக்கு வண்டிகளின் டயர் சி2, லாரி மற்றும் பேருந்து டயர் சி3 என்று மூன்று வகை. இருசக்கர வாகன டயரும் டிராக்டர் டயரும் இந்த மூன்று வகைகளில் சேரா.

இது அனைவரும் தாண்ட வேண்டிய குறைந்தபட்ச வரம்பு. இதற்கு மேல் தரம் பிரித்துக் காட்டுவது, மத்திய மின் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரை. குளிர்பதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் கொடுக்கிற அதே அமைப்புதான். டயருக்கு 1 முதல் 5 நட்சத்திரம் வரை உண்டு. நட்சத்திரம் கூடக் கூட உருளல் தடை குறைவு என்று பொருள். ஆனால் டயர் கம்பெனிகள் தாமாக முன்வந்து பங்கேற்கும் திட்டமாகவே இது தொடங்கப்பட்டது. ஆகவே நட்சத்திரம் ஒட்டாத டயர் மட்டமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடைக்காரர் வாய்மொழியாக 'இது ஐந்து ஸ்டார்' என்றால், முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். அல்லது பணியகத்தின் கைப்பேசிச் செயலியில் அந்த மாடலைத் தேடிப் பாருங்கள்.

கடைக்குப் போகுமுன் வண்டியின் அருகில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். காரோடு வந்த டயரின் பெயரையும் மாடலையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்; மற்ற நான்கும் மாறியிருந்தாலும் ஸ்டெப்னி பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். அடுத்து அளவு. '165/80 ஆர்14 85டி' என்று எழுதியிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரேடியல் கட்டு, 14 அங்குல ரிம், 85 என்ற எண்ணுக்கு ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, டி என்ற எழுத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் என்று படிக்க வேண்டும். கடையில் கொடுக்கும் டயரில் கடைசி எண்ணும் எழுத்தும் இதற்குக் குறையக் கூடாது. கம்பீரத்துக்காக அகலமான டயர் போடும் ஆசை இளைஞர்களிடம் அதிகம். கனமும் உருளல் தடையும் கூடி மைலேஜ் இறங்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

கடையில் டயரை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, ஈரத் துணியால் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்; கார் டயருக்கு ஐ.எஸ். 15633, சரக்கு வண்டி டயருக்கு ஐ.எஸ். 15636 என்பது அதனோடு வரும் எண். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், அருகில் உள்ள எண்களோடு எஸ், டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகளும் இருந்தால், ஓசை, ஈரப் பிடிப்பு, உருளல் தடை ஆகிய மூன்றிலும் முன்பு சொன்ன 117-ஆம் ஒழுங்குமுறையின்படி அந்த டயர் தேறியிருக்கிறது. ஆர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 2 இருந்தால் இரண்டாம் கட்ட வரம்பு. பிறகு தயாரிப்புத் தேதி. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை நான்கு டயர் மாட்டி வீட்டுக்கு வந்த பின்னர், காருக்கடியில் தலையை நீட்டிக் கைப்பேசி விளக்கில் பார்த்தபோது, உட்பக்கத்தில் மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதி இருந்தது. புது டயருக்கான விலையைக் கொடுத்துப் பழைய சரக்கை வாங்கியிருந்தேன். ஒருமுறை மாட்டி ஓட்டிய டயரைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

நட்சத்திரம் உருளல் தடையை மட்டுமே சொல்லும். நம் பக்கத்தில் அதைவிட முக்கியம் ஈரப் பிடிப்பு என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் தார்ச்சாலையில் களிமண்ணை இழுத்துவிட்டுப் போகும். மேலே தூறல் விழுந்தால் சாலை சோப்புப் பூசியதுபோல் ஆகிவிடும். அப்படி ஓர் ஐப்பசி மாலையில் நீடாமங்கலம் அருகே பிரேக்கை மிதித்ததும் கார் நேராக நிற்காமல் பக்கவாட்டில் சறுக்கி வாய்க்கால் மதகை ஒட்டி நின்றது. இரண்டடி தள்ளியிருந்தால் தண்ணீரில்தான் இறங்கியிருப்போம். ரப்பர்க் கலவையில் உருளல் தடையைக் குறைக்கப் போனால் ஈரப் பிடிப்பு குறையும் என்பது நெடுநாள் சிக்கல். 1990-களில் கார்பன் கறுப்பு என்ற கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்க்கும் முறை வந்த பிறகே இரண்டையும் ஒன்றாகப் பெற முடிந்தது. ஆகவே சிலிக்காக் கலவையா என்று கேளுங்கள். அதே மாடல் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டால், அங்குள்ள முத்திரையில் ஈரப் பிடிப்புக்கு என்ன எழுத்து என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் போட்டால், சிறந்த வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் இடையே நிற்கும் தூரம் 18 மீட்டர் வரை வேறுபடும். ஈரப் பிடிப்பு எப்படி என்று யாராலும் சொல்ல முடியாத ஐந்து நட்சத்திர டயரை விட, நன்றாகப் பிடிக்கும் மூன்று நட்சத்திர டயரையே நான் எடுப்பேன்.

மாட்டிய பிறகு திறனைக் காப்பது காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவே சரி; நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலுக்குக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கி இன்னும் அதிகமாகச் சூடேறும் என்பதே உண்மை. வெடிப்பதற்கும் அதுவே வழி. நைட்ரஜன் நிரப்புவதில் தவறில்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டயர் மாற்றும் அன்றே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். கோணல் சக்கரம் பட்டனையும் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகளையும்) தின்னும், பெட்ரோலையும் தின்னும்.

புது டயர் போட்ட முதல் மாதம் மைலேஜ் குறைந்துவிட்டதாகப் பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பர் குறைவு என்பதால், மொட்டையாகும் நிலையில் அதன் உருளல் தடை குறைவாகவே இருக்கும். புதிய டயரின் சுற்றளவு சற்றுப் பெரிது என்பதால் கிலோமீட்டர் மீட்டரும் குறைத்துக் காட்டும். அதற்காகப் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரில் ஓட்டுவது சட்டப்படியும் தவறு, மழையில் ஆபத்தும்கூட. ஆகவே புது டயரின் கணக்கை முதல் 1,000 கிலோமீட்டர் ஓடிய பின்னர் தொடங்குங்கள். ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அங்கேயே நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று முறை இப்படிப் பார்த்துச் சராசரி எடுத்து, டயர் வாங்கிய ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த டயர் வாங்கப் போகும்போது அந்த ரசீதைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.