கார் இன்ஷூரன்ஸ் ரினியூவல்: ஷோரூம் சொல்லும் தொகையை அப்படியே கட்டாதீர்கள்

மூன்று வருஷமாக ஷோரூமிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் தொகையை வாய் திறக்காமல் கட்டிக்கொண்டிருந்த ஆள் நான். போன தடவைதான் பாலிசித் தாளை விரித்து வரிவரியாகப் பார்த்தேன். நான் கேட்கவே கேட்காத மூன்று ஆட்-ஆன் (கூடுதல் காசுக்குச் சேர்க்கும் கவர்) உள்ளே உட்கார்ந்திருந்தது, அதில் ஒன்று கார் சாவி தொலைந்தால் பணம் தருவதற்கு!

நீங்களும் முதலில் அந்தத் தாளை எடுங்கள். பிரீமியம் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கு; இது அரசு நிர்ணயிக்கும் விலை. 2022 ஜூனில் வந்த அறிவிப்புப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதில் பேரம் கிடையாது. இன்னொரு துண்டு ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நாம் குறைக்கக்கூடியது இங்கேதான். மேலே 18% ஜிஎஸ்டி வேறு இருப்பதால் இதில் 100 ரூபாய் குறைத்தால் கையில் 118 மிஞ்சும்.

அப்புறம் நாலைந்து கம்பெனிகளின் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் ரொம்ப மலிவாகத் தெரிந்தால் உடனே குஷியாகிவிட வேண்டாம், ஐடிவி, அதாவது வண்டிக்குக் கம்பெனி போட்டிருக்கும் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். வண்டி திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கையில் வருவது அந்தத் தொகைதான், அதை ஒரு லட்சம் குறைத்துப் போட்டுவிட்டால் பிரீமியம் தானாக இறங்கும், நஷ்டம் நமக்கு. ஒரே ஐடிவி, ஒரே ஆட்-ஆன் வைத்து ஒப்பிட்டால்தான் அது ஒப்பீடு.

இப்போது என்சிபி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் மறு ரினியூவலில் பூஜ்யம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓன் டேமேஜ் 10,000 ரூபாய், 50% என்சிபி இருப்பதால் 5,000 கட்டுகிறீர்கள். பைக்காரன் ஒருவன் பம்பரில் உரசிவிட்டுப் போய்விட்டான், டிங்கரிங் பெயின்டிங் 4,000 ரூபாய். க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 10,000, அப்புறம் 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கித்தான் பழைய 5,000-க்கு வர முடியும். கூடுதலாகப் போனது 12,500, ஜிஎஸ்டி சேர்த்தால் 14,750. வண்டி பழசாக ஆக ஐடிவி குறைவதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக வரும், ஆனாலும் 4,000 ரூபாய் வேலைக்கு இது கட்டுப்படியாகாது. சின்ன உரசலுக்கெல்லாம் மெக்கானிக்கிடம் கைக்காசைக் கொடுத்து முடித்துக்கொள்வதே லாபம்.

இன்னொன்று, என்சிபி வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றால் கம்பெனியிடம் என்சிபி சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் புது காருக்கு அதே தள்ளுபடி கிடைக்கும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதே காரை வைத்திருப்பவர் பாலிசி முடிந்து புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டினால் என்சிபி மொத்தமும் போச்சு. போன வருஷம் க்ளெய்ம் போட்டுவிட்டு இல்லை என்று பொய் சொல்லி என்சிபி வாங்கவும் வேண்டாம், பெரிய விபத்து நடக்கும் நாளில் அதைத் தோண்டி எடுத்துக் க்ளெய்மை நிராகரிப்பார்கள்.

ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்து கவர் உங்களுக்கு வேறு பாலிசியில் ஏற்கெனவே இருக்கிறதா? அப்படியானால் அதைச் சொல்லி இந்தப் பாலிசியிலிருந்து அந்தக் கவரை நீக்கச் சொல்லலாம். பைக், கார் இரண்டும் வைத்திருப்பவர்கள் இரண்டிலும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். வண்டியை வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கு மட்டும் எடுப்பவர் என்றால், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டங்களும் 2022 முதல் இருக்கின்றன, விசாரியுங்கள். க்ளெய்மில் முதல் 5,000 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தும் பிரீமியத்தைக் குறைக்கலாம். ஆனால் தள்ளுபடிக்கு உச்சவரம்பு இருக்கும், எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குறைக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது. சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி தண்ணீர் நிற்கும் ஏரியாவில் இருப்பவர்கள், இன்ஜின் சேதத்துக்கான ஆட்-ஆன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி காசு தராது. மழை வந்தால் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துகிறார்களே, சும்மாவா? ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் க்ளெய்ம் தரும் ஆட்-ஆன், முதல் நாலைந்து வருஷம் இருக்கட்டும். பத்து வருஷம் தாண்டிய வண்டி, விற்றாலே ஒரு லட்சம் தேறாது என்றால், தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்று யோசிக்கலாம்.

இதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு ஷோரூமுக்கு ஒரு போன் போடுங்கள். ஆன்லைனில் இவ்வளவுதான் வருகிறது, நீங்கள் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே தொகை இறங்கியது, சாவிக் கவரும் காணாமல் போனது. பணம் கட்டியதும் வரும் பிடிஎஃப்பில் பெயர், இன்ஜின் நம்பர், என்சிபி சதவீதம் மூன்றும் சரியா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.