கடற்கரைப் பக்கம் நின்ற மாருதி 800: முதல் காசை எதில் போடுவது?

சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் வருடக்கணக்கில் சும்மா நின்ற மாருதி 800-ஐ மறுபடி ஓட வைப்பது என்றால் நான் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. காலடியில் விரித்த கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டைத்தான் பார்ப்பேன். உப்புக்காற்று அங்கேதான் வேலையைக் காட்டும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி (ஓட்டையை நிரப்பும் பசை) பூசி மறைக்கவே கூடாது; அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும்.

அப்புறம் பிரேக். இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம், வீட்டு ஆட்கள் ஏறும் வண்டி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் பழசை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டையும் புதிதாகவே போடுங்கள். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டு) நன்றாக இருந்தாலும் டயருக்கு வயசாகியிருக்கலாம், பக்கவாட்டில் தேதி எண்ணைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம் தயாரானது.

கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழசாகவே வாங்கலாம். டேங்க்கில் கிடக்கும் பெட்ரோலை வடித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) புதுப்பிக்க ஆர்டிஓ ஆய்வு உண்டு. அந்தப் பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். சரி, பெயின்ட்? மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.