அம்மாவுக்கு வாக்கிங் மட்டும் போதாது, கையையும் காலையும் சேர்த்து பழக்குங்க

60 தாண்டின அம்மாக்கள் நிறைய பேர் தினமும் வாக்கிங் போறாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அதோட போதும்னு நாமளும் விட்டுடறோம். கை ஒரு வேலை கால் ஒரு வேலைன்னு ஒரே நேரத்துல செய்யறப்ப தடுமாறுது பாருங்க, காய்கறி பையோட படி ஏறும்போது, பஸ்ல கம்பிய புடிச்சுக்கிட்டே காலை எடுத்து வைக்கும்போது, அதுக்கு தனியா பழகணும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் அதான், 65 வயசுக்கு மேல வாரம் 150 நிமிஷமாவது நடை மாதிரி பயிற்சி வேணும், அதோட வாரத்துல 3 நாளாவது பேலன்ஸும் தசை பலமும் சேர்ந்த பயிற்சி வேணும்னு. நம்ம வீடுகள்ல அந்த ரெண்டாவது பாதிய யாரும் கண்டுக்கறதே இல்ல.

முதல்ல இப்ப எப்படி இருக்குன்னு பாருங்க. ஆடாத மர நாற்காலிய செவுத்தோட ஒட்டி போட்டு உக்கார வைங்க, பிளாஸ்டிக் சேர் வேணாம், டைல்ஸ்ல சறுக்கும். வலது குதிகால் தரையிலயே இருக்கட்டும், முன்பாதம் மட்டும் மேல கீழ போகணும், அதே சமயம் வலது முழங்கைய தொடை மேல வச்சுக்கிட்டு கைய மணிக்கட்டோட மேல கீழ ஆட்டணும். ரெண்டும் சேர்ந்து மேல, சேர்ந்து கீழன்னா சுலபமா வரும். இப்ப கை மேல போறப்ப பாதம் கீழ வரணும்னு மாத்துங்க. மெதுவா பண்ணினா வரும், வேகம் கூட்டினதும் ரெண்டும் தானாவே ஒரே பக்கம் போக ஆரம்பிச்சிடும். சின்ன வயசுக்காரங்களுக்கும் இப்படித்தான், ஆனா வயசானவங்களுக்கு குறைஞ்ச வேகத்துலயே கலைஞ்சிடும், ஏன்னா எதிரெதிரா ஆட்ட மூளை கூடுதல் கவனம் குடுக்கணும், நரம்புல செய்தி போற வேகமும் வயசாக ஆக குறையுது. "எனக்கெல்லாம் வராது, விடு"ம்பாங்க, விடாதீங்க. கலையறதுக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கற வேகம்தான் அவங்க பழக வேண்டிய வேகம், அதுல ஒரு நிமிஷம், அப்புறம் இடது பக்கம், அப்புறம் வலது கை இடது கால்னு மாத்தி மாத்தி.

இது பழகினதும் நாற்காலி முதுகையோ சமையல் மேடையையோ ஒரு கையால புடிச்சுக்கிட்டு நின்னு செய்யலாம். நின்ன இடத்துலயே ஒரு காலை தூக்கி, புடிக்காத எதிர் கையால முட்டிய தொடறது, அப்புறம் புடிச்ச கைய மாத்திக்கிட்டு அடுத்த கால். பக்கவாட்டுல ஒரு அடி வச்சு மேடைல ஒரு தட்டு தட்டறது. மூட்டுவலி இருந்தா எல்லாத்தையும் உக்காந்தே பண்ணலாம், அதுல ஒரு குறையும் இல்ல. நாற்காலில இருந்து எந்திரிச்சு உக்கார்றத மட்டும், முடிஞ்சவங்க, சேர்த்துக்கோங்க, மெனோபாஸுக்கு அப்புறம் எலும்பு வேகமா தேயும், தசையும் குறையும், கால்ல பலம் இல்லன்னா தடுமாறினப்ப சமாளிக்க முடியாது.

எனக்கு ரொம்ப பிடிச்சது கும்மி. அடி வைக்கணும், குனிஞ்சு நிமிரணும், தாளம் தப்பாம கை தட்டணும், பாட்டும் பாடணும், எல்லாம் ஒரே நேரத்துல, இதைவிட நல்ல கோஆர்டினேஷன் பயிற்சி தேடினாலும் கிடைக்காது. தெருவுல நாலு பேர் சேர்ந்தா மெதுவான தாளத்துல ஆரம்பிக்கலாம், கூட்டமா செஞ்சா விடாமலும் வருவாங்க. விடாம செய்யறதுதான் முக்கியம், மாற்றம் தெரிய சில வாரமாவது ஆகும், நிறுத்திட்டா கொஞ்சம் கொஞ்சமா பழையபடி ஆகிடும்.

வாக்கிங்லயும் கைய பின்னாடி கட்டிக்காம, போன புடிச்சுக்காம, வீசி நடக்க சொல்லுங்க. புடவை கால்ல தட்டுதுன்னா சுடிதார் போடட்டும், வீட்டுக்குள்ள சாக்ஸ் மட்டும் போட்டுக்கிட்டு வேணாம். சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கறவங்க வெறும் வயித்துல பண்ண கூடாது, பிபி மாத்திரை சாப்பிடறவங்க படக்குன்னு எந்திரிக்க கூடாது, தலை சுத்தும். நெஞ்சு வலிச்சா, மூச்சு வாங்கினா உடனே நிறுத்தி டாக்டர பாருங்க.

ஒரே ஒரு விஷயத்த மட்டும் வயசு மேல போடாதீங்க. திடீர்னு ஒரு பக்க கையோ காலோ சொன்னபடி கேக்கல, வாய் கோணுது, பேச்சு குழறுதுன்னா அது பக்கவாதமா இருக்கலாம், படுத்தா சரியாகும்னு காத்திருக்காம அந்த நிமிஷமே 108க்கு போன் பண்ணுங்க.