செயின்சா பல்லுக்கு எந்தக் கூர் நல்லது? தென்னந்தோப்பில் அறுத்துப் பார்த்துக் கற்றது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துக்காரர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. மரம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆள் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. நானே ஒரு 58 சிசி செயின்சா வாங்கினேன். இரண்டாவது மரத்திலேயே மெஷின் இறங்க மறுத்தது. இன்ஜினில் கோளாறு என்று நினைத்து கார்புரேட்டரைக் கழற்றி ஒரு நாளை வீணாக்கினேன். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது, செயினில்தான் கூர் போயிருந்தது.

அதற்குப் பிறகு பல்லை எத்தனை விதமாகத் தீட்டலாமோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். செயின் மாட்டுவது, இறுக்கம் வைப்பது, ஆயில் ஊற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையுறை மட்டும் மறக்க வேண்டாம். மெஷின் ஓடாவிட்டாலும் பல் கையைக் கிழிக்கும்.

பல்லின் மூலை

ஒரு பல்லைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மேலே ஒரு தகடு, பக்கத்தில் ஒரு தகடு, இரண்டும் சேருமிடத்தில் ஒரு மூலை. பக்கத் தகடு நாரைக் குறுக்கே அறுக்கிறது. மேல் தகடு இழைப்புளி மாதிரி அதைச் சீவி எடுக்கிறது. மரத்தில் முதலில் படுவது அந்த மூலைதான்.

மூலை மழுங்கலாக வளைந்திருந்தால் அது செமி சிசல். கூர்மையாக, சதுரமாக நின்றால் ஃபுல் சிசல். இது கம்பெனியிலேயே வரும் வடிவம், நாம் மாற்ற முடியாது. எந்த அரத்தால் ராவுவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. உருண்டை அரம் முனைக்குக் கீழே ஒரு குழிவை உண்டாக்கும். ஃபுல் சிசல் பல்லை மட்டும் தட்டையான, முனை மடங்கிய அரத்தால் உளி மாதிரி நேராகவும் தீட்டலாம். அதை ஸ்கொயர் ஃபைலிங் என்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரம் சாய்ப்பவர்களும் மரம் அறுக்கும் போட்டிக்குப் போகிறவர்களும் அதை விரும்புகிறார்கள்.

இடம் ஒன்று வலம் ஒன்று என்று பல் வைக்கும் யோசனையே ஒரு புழுவைப் பார்த்து வந்தது. 1946இல் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரம் குடையும் வண்டின் புழு ஒன்று நாரின் போக்கைப் பொருட்படுத்தாமல் இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்துத்தான் புது செயினைச் செய்தார். கூன்வண்டு குடைந்த தென்னையைப் பிளந்து பார்த்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

எது வேகம், எது காலம் தள்ளும்

விழுந்து கிடந்த ஒரே தென்னையில், ஒரே மெஷினில், மூன்று செயினை மாற்றி மாற்றி மாட்டி அறுத்தேன். முதல் வெட்டில் ஸ்கொயர் போட்ட ஃபுல் சிசல் மற்ற இரண்டையும் கண்ணெதிரே முந்தியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது. உருண்டை அரம் போட்ட ஃபுல் சிசல் அடுத்தது. செமி சிசல் கடைசி.

ஆனால் ஐந்தாறு வெட்டு போனதும் கதை மாறியது. ஸ்கொயர் செயினை அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. செமி சிசலோ முதல் வெட்டில் எப்படி இறங்கியதோ ஏறக்குறைய அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் மரத்தில்தான் இருக்கிறது. தென்னைக்கு நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், வெளிச்சுற்றுதான் இரும்பு. அதில் சிலிக்காவும் உண்டு. போதாததற்கு, தரையில் கிடந்த மரத்தில் மண் அப்பியிருக்கும். ஏறுவதற்காகக் கொத்திய படிகளில் மண்ணும் தூசியும் வருஷக்கணக்காக அடைந்து கிடக்கும். அந்த மணல் முதலில் தின்பது பல்லின் மூலையை. ஃபுல் சிசலுக்கு மூலைதான் எல்லாம், அது போனால் வேகமும் போனது. செமி சிசலில் மூலை ஏற்கெனவே வளைந்திருப்பதால் கொஞ்சம் தேய்ந்தாலும் தாங்குகிறது.

அப்புறம் திரும்பத் தீட்டும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்கொயர் போடும்போது அரத்தின் மடிப்பு சரியாக மேல் தகடும் பக்கத் தகடும் சேரும் மூலையில் விழ வேண்டும். மயிரிழை விலகினாலும் வேலை கெட்டுவிடும். வரப்பில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல அது. உருண்டை அரம் என்றால் தோப்பிலேயே டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம்.

ஆகவே என் முடிவு இது. விழுந்த மரம், தென்னை, காய்ந்த சீமைக்கருவேலம் எல்லாவற்றுக்கும் செமி சிசல், உருண்டை அரம். நிற்கிற பச்சை மரத்தில், மண் படாத உயரத்தில் பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி கிளை கழிக்க உருண்டை அரம் போட்ட ஃபுல் சிசல் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். ஸ்கொயர் அரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

தீட்டும் முறை

முதலில் அரத்தின் அளவு. அடுத்தடுத்து வரும் மூன்று ரிவெட்டின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச், அதாவது செயினின் அளவு, கிடைக்கும். 0.325 அங்குல செயினுக்கு 4.8 மி.மீ. அரம். சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைலுக்கு, அதாவது உயரம் குறைந்த செயினுக்கு, 4 மி.மீ. பெரிய 3/8க்கு 5.2 அல்லது 5.5, செயின் டப்பாவில் எது போட்டிருக்கிறதோ அது.

செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரை அசையாமல் பிடிக்க வேண்டும். பட்டறையில் வைஸ் இருக்கும், தோப்பில் என்ன செய்வது? வெட்டிய அடிமரத்தின் மேல் செயின்சாவாலேயே ஒரு பள்ளம் போட்டு, மெஷினை நிறுத்தி, பாரின் அடி விளிம்பை அதில் இறக்கினால் போதும், நன்றாக நிற்கும். பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி ஒரு மார்க்கர் புள்ளி வையுங்கள். அதுதான் அளவு. மற்றதெல்லாம் அதன் நீளத்துக்கு வர வேண்டும்.

கோணம் 30 டிகிரி. பெரும்பாலான பல்லின் மேல் தகட்டில் ஒரு சாய்கோடு பதிந்திருக்கும், அதற்கு இணையாக அரத்தைப் பிடித்தால் போதும். காய்ந்த கெட்டி மரத்துக்கு 25 போடலாம். தென்னையை நெடுக அறுத்துப் பலகை எடுப்பவர்களுக்கு 10 டிகிரி. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளல். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம்.

இனி, என்னை ஒரு மாதம் அலைக்கழித்த இடத்துக்கு வருகிறேன். அது அரத்தின் உயரம். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல் தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். 4.8 மி.மீ. அரத்தில் அது சுமார் 1 மி.மீ. நான் மெஷின் வாங்கிய கடையில் 4 மி.மீ. அரத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது பல்லுக்குள் கீழே இறங்கி, பக்கத் தகட்டைக் கிளி மூக்கு மாதிரி வளைத்துக் குடைந்துவிட்டது. இதில் ஏமாற்றம் என்னவென்றால், கிளி மூக்குப் பல் முதல் இரண்டு வெட்டில் பிரமாதமாக அறுக்கும். நானும் சரியாகத் தீட்டிவிட்டேன் என்று நம்பினேன். மூன்றாவது வெட்டில் மெஷின் வெடுக்கென்று இழுக்கும், முனை மெலிசாக இருப்பதால் உடனே மழுங்கும். திரும்பத் தீட்டினால் இன்னும் ஆழமாகக் குடையும். உயரத்தை அதிகம் வைத்தால் நேர்மாறு. பல்லின் நெற்றி பின்னால் சாய்ந்து, மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

பார்த்துச் சரிசெய்வது எளிது. பல்லைப் பக்கவாட்டில், வானத்துக்கு எதிராகப் பிடியுங்கள். பக்கத் தகட்டின் முன் விளிம்பு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். அப்புறம் வெயிலில் லேசாகத் திருப்புங்கள். கூர் போன முனையில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு மின்னும். அந்த நூல் மறையும்வரை ராவ வேண்டும். கூரான முனையில் வெளிச்சம் நிற்காது.

கடைசியாக ரேக்கர். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் திமில் மாதிரி இருப்பது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அதுதான் தீர்மானிக்கிறது. மேல் தகடு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், ராவ ராவப் பல் தாழ்ந்துகொண்டே வரும், ரேக்கர் அப்படியே நிற்கும். பல் சவரக்கத்தி மாதிரி இருந்தும் தூளாக வருகிறதென்றால் இதுதான் காரணம். மூன்று நான்கு முறை தீட்டியதும் அளவு பார்க்கும் கேஜ் தகட்டை வைத்து, பல்லின் முனையைவிட ரேக்கர் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும்வரை தட்டை அரத்தால் ரேக்கரைக் குறைத்து, அதன் முன் முனையை உருட்டிவிடுங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு அதற்கும் கீழே போக வேண்டாம். பார் நுனி முகத்தை நோக்கி எகிறும் ஆபத்து கூடும்.

சாமான் விஷயத்தில் என் விருப்பம்: புதிதாகத் தொடங்குபவர்கள் ஸ்டில் கம்பெனியின் டூ இன் ஒன் கைடு வாங்கலாம், பல்லையும் ரேக்கரையும் சேர்த்தே ராவும். கை பழகியதும் மரப்பிடி போட்ட வெறும் அரம் போதும். மின்சார கிரைண்டரில் அவசரமாகத் தீட்டினால் பல் நீலம் பாரித்துப் பதம் போய்விடும். ஒரு கடையில் கொடுத்து அப்படி ஒரு செயினை இழந்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கத்துப் பல் எப்போதும் அதிகமாகத் தேயும். காலிப்பரால் இரு பக்கமும் அளந்து, நீளமான பக்கத்துக்கு இரண்டு தள்ளல் கூடுதலாகக் கொடுங்கள்.

இன்னொன்று: வீட்டோரப் பூவரசில், கொடிக்கயிறு கட்ட அடித்த பழைய ஆணியில் செயின் பட்டு, மூன்று பல் உடைந்த ஒரு நண்பர், நான் மேலே எழுதியதை நம்பி மொத்தப் பல்லையும் அந்த மூன்றின் அளவுக்குக் குறைக்கத் தொடங்கிவிட்டார். நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். குட்டைப் பல் அளவு என்பது சாதாரணத் தேய்மானத்துக்கு மட்டும். இரண்டு மூன்று பல் மட்டும் உடைந்திருந்தால் அவற்றை அப்படியே விட்டு, கூர் மட்டும் வரவைத்து, அவற்றின் ரேக்கரைத் தனியாகக் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். அறுக்கும்போது வித்தியாசம் தெரியாது. நாலைந்து முறை தீட்டுவதற்குள் மற்ற பற்கள் தாமாகவே அந்த அளவுக்கு வந்துவிடும்.