கொடைக்கானல்ல இருந்து மதுரைக்கு குடி எறங்குறவங்களுக்கு: எப்ப வர்றது, எந்த வீடு பாக்குறது, உடம்ப எப்படி பழக்குறது

எங்க சொந்தத்துலயே நாலஞ்சு குடும்பம் கொடைக்கானல விட்டு மதுரைக்கு வந்தாச்சு. குளிர்ல மூட்டு வலி தாங்கல, மூச்சு எளப்பு, புள்ளைங்க காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்னு ஆளாளுக்கு ஒரு காரணம். எங்க மாமனார் மாமியாரையும் அப்படித்தான் கூட்டிட்டு வந்தோம். வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் வண்டி வாடகை, அட்வான்ஸ், சாமான் கட்டுறது இத பத்தியே பேசுறாங்க, ஆனா உண்மையில கஷ்டம் கொடுக்குறது அது இல்ல, உடம்பு சூட்டுக்கு பழகுறதுதான், அதுக்கு குறைஞ்சது ரெண்டு வாரம் வேணும், வயசானவங்களுக்கு இன்னும் கூட. அந்த ரெண்டு வாரம் எந்த மாசத்துல விழுதுங்கறது ரொம்ப முக்கியம், அதனால மொதல்ல அத பத்தி சொல்றேன்.

கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், மதுரை சுமாரா 100 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் எறங்குறப்பவும் ஆறு, ஆறர டிகிரி சூடு கூடும், அப்படின்னா கணக்குப்படியே 12, 13 டிகிரி வித்தியாசம். ஆனா அது வருசம் பூரா ஒரே மாதிரி இருக்காது. தை மாசத்துல மதுரையில பகல் 30 டிகிரி பக்கம் இருக்கும், ராத்திரி 20, 21க்கு எறங்கும், மலையில பகல் 17, 18. மே மாசத்துல மலையில 20 பக்கந்தான் இருக்கும், மதுரையில 39, 40ன்னு போகும், வித்தியாசம் அப்படியே 20 டிகிரி ஆயிரும். ஸ்கூல் லீவுல மாறினா வசதின்னு மே மாசம் சாமானோட வந்து எறங்குறவங்க இருக்காங்க பாருங்க, அதுலயும் கத்திரி வெயில், மே 4ல இருந்து 28 வரைக்கும், அந்த நேரத்துல எழுபது வயசு ஆள கூட்டிட்டு வர்றது எனக்கு மனசுக்கு ஒப்பவே ஒப்பாது, தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. சித்திர திருவிழா நேரம் வேற, அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வைகை பக்கத்து ரோடெல்லாம் அடைச்சிருவாங்க, வண்டி வீட்டு வாசலுக்கே வராது.

சரி ஆடி முடிஞ்சு ஆவணியில வரலாம்னு நெனப்பீங்க, தென்மேற்கு மழ பேஞ்சு குளுந்திருக்கும்னு. கேரளா பக்கம் பேயும், மலையில பேயும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்குறதால மதுரைக்கு வறண்ட காத்துதான் வரும். 2024 செப்டம்பர்ல மதுரை ஏர்போர்ட்ல 40 டிகிரிய தாண்டிருச்சு, செப்டம்பர்ல! காலண்டர பாத்து வெயில் போயிருச்சுன்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

ஐப்பசி கார்த்திகை மழ மாசம், மதுரை குளுந்துதான் இருக்கும், ஆனா மலை ரோடு அப்ப நம்பிக்கையா இருக்காது. 2018 நவம்பர் 16ல கஜா புயல் வந்தப்ப கொடைக்கானல் ரோட்டுல மரம் விழுந்து மண்ணு சரிஞ்சு என்ன ஆச்சுன்னு மலையில இருந்தவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ஆக மிச்சம் இருக்குறது மார்கழி, தை, மாசி முன்பாதி. மார்கழியில குடி போக மாட்டோம்னா கார்த்திகை கடைசியில ஒரு நல்ல நாள் பாத்து பால் மட்டும் காய்ச்சிட்டு போயிருங்க, சாமான பெறகு கொஞ்சங் கொஞ்சமா எறக்கிக்கலாம், நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. பொங்கல் முடிஞ்ச கையோட வர்றதுதான் என்னைய கேட்டா ரொம்ப நல்லது.

ஆனா அதையும் கண்ண மூடிட்டு நம்ப வேண்டாம். 2021 ஜனவரியில பொங்கல் நேரத்துல தமிழ்நாடு பூரா பேஞ்ச மழையில அறுக்க நின்ன நெல்லு வயல்லயே சாஞ்சு மொளச்சுப் போச்சு, தை மாசத்துல அப்படி மழய யாரு எதிர்பாத்தா. அதே மாதிரி 2023 பிப்ரவரியில நாடு பூரா பகல் வெப்பத்தோட சராசரி 1901க்கு அப்புறம் எந்த பிப்ரவரியிலயும் இல்லாத அளவுக்கு போச்சு, மாசியிலயே பங்குனி வெயில். அதனால ஒரே ஒரு தேதிய பிடிச்சுக்கிட்டு தொங்காம பத்து நாள் முன்ன பின்ன எடம் வச்சுக்கங்க. பழைய வீட்டையும் புது வீட்டையும் ஒரு மாசம் சேத்து வச்சிருக்குற மாதிரி வாடகைய பேசிக்கங்க, காசு கூடத்தான், ஆனா அந்த ஒரு மாசம் இருந்தா மழ அலர்ட் வந்தாலும் பதறாம ஒத்தி வைக்கலாம். வானிலை மையம் திண்டுக்கல் இல்லன்னா தேனி மாவட்டத்துக்கு ஆரஞ்சோ ரெட்டோ போட்டிருந்தா அன்னைக்கு லாரி வேண்டாம்.

இனி வீடு. மலையில வீடு பாக்குறப்ப வெயில் நல்லா விழுதான்னு பாப்போம், இங்க அப்படியே தலகீழ். மொத்தத்துல மூணு விஷயம், கூரை, மேக்கு செவரு, தண்ணி.

மொட்ட மாடிக்கு நேர் கீழ இருக்குற வீடு வாடகை கம்மியா கெடைக்கும், பெரியவங்களுக்கு அத எடுக்காதீங்க. பகல் பூரா கான்கிரீட் சூட்ட உறிஞ்சு வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உள்ள எறக்கும், பன்னெண்டு மணிக்கும் செவத்த தொட்டா வெது வெதுன்னு இருக்கும். வேற வழியே இல்லன்னா வீட்டுக்காரர்ட்ட கேட்டு மாடியில வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிங்க, அதுக்கும் காசில்லன்னா சுண்ணாம்பாவது ரெண்டு கோட்டு அடிங்க, மாசி மாசத்துலயே அடிச்சிரணும், வெயில் ஏறுனதுக்கப்புறம் ஆள் கெடைக்காது. படுக்குற ரூம் மேக்க பாத்த செவரா இருந்தா சாயங்கால வெயில் முழுக்க அதுலதான் விழும், அந்த ரூம ஸ்டோருக்கு விட்டுட்டு கெழக்கு இல்ல வடக்கு பக்கம் படுங்க. வீடு பாக்க காலையில போகாதீங்க, மதியம் மூணு மணிக்கு போங்க, கால் மணி நேரம் உள்ள உக்காந்து பாருங்க, புரோக்கர் அவசரப்படுத்துவாரு, பரவால்ல.

தண்ணில ரெண்டு சங்கதி இருக்கு, ஒண்ணு குடிக்கிறது, ஒண்ணு வெள்ளம். போர் தண்ணி பல ஏரியாவுல உப்பு, மலைத்தண்ணியில குளிச்ச தலைக்கு அது ஒத்துக்காது, சோப்பு நுரைக்காது. கார்ப்பரேசன் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, எத்தன மணிக்கு வருதுன்னு வீட்டுக்காரர்ட்ட கேக்காம பக்கத்து வீட்டு அக்காட்ட கேளுங்க, சரியா சொல்லுவாங்க. அடுத்து வெள்ளம். மதுரையில வெள்ளமான்னு கேக்காதீங்க, 2024 அக்டோபர் 25 சாயங்காலம் கால் மணி நேரத்துல நாலர சென்டிமீட்டர் மழ கொட்டி செல்லூர், நரிமேடு, ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு. கண்மாய், ஊரணி, வாய்க்கா இருந்த எடத்துக்கு பக்கத்துல வீடுன்னா, முக்கியமா செல்லூர் கண்மாய், பந்தல்குடி வாய்க்கா ஓரம், அந்த வருசம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெருவுல டீக்கடையில விசாரிங்க, செவத்துலயே கோடு தெரியும். கீழ் வீடு குளுகுளுன்னு இருக்கும், ஆனா வாசப்படி ரோட்ட விட ஒசரமான்னு பாத்துக்கங்க.

கொசு வலை அடிச்ச ஜன்னல் கட்டாயம். மலையில கொசு பெருசா பழக்கம் இருக்காது, இங்க மழ மாசத்துல டெங்கு வரும்.

சாமான் கட்டுறத பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. கேஸ் சிலிண்டர தூக்கிட்டு வராதீங்க, ஏஜென்சியில ஒப்படைச்சு ட்ரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிட்டு இங்க புது ஏஜென்சியில கொடுத்தா போதும். ஃப்ரிட்ஜ நிமித்தியே கொண்டாங்க, வந்ததும் சில மணி நேரம் விட்டு ஆன் பண்ணுங்க. வண்டி கொடைக்கானல்லயே பேசுறது நல்லது, அந்த வளைவு பழகுன டிரைவரா இருப்பாரு. 2024 மே 7ல இருந்து வெளி வண்டிக்கு இ-பாஸ் வந்திருச்சு, அதனால மதுரையில இருந்து வண்டி கூப்ட்டா பாஸ் விஷயத்த முன்னாடியே கேட்டு முடிச்சிருங்க. வத்தலக்குண்டு வழியா 120 கிலோமீட்டர்தான், வெளிச்சத்துல கெளம்பி வெளிச்சத்துலயே சேந்திரணும். எறங்குறப்ப காது அடைக்கும், எச்சி முழுங்கிட்டே வாங்க, கைக்குழந்தைக்கு பால் கொடுத்துக்கிட்டே வந்தா அழாது.

ரூம் ஹீட்டர், தடிமனான ரஜாய், கம்பளி எல்லாத்தையும் மலையிலயே தேவைப்படுறவங்களுக்கு கொடுத்துட்டு ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் மட்டும் கொண்டாங்க. செடி விஷயம் மனசுக்கு கஷ்டம். ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம் எல்லாம் இங்க பங்குனிய தாண்டாது, எங்க அத்தை அதுக்காக அழுதாங்க, அத பெரியவங்ககிட்ட முன்னாடியே சொல்லி பக்கத்து வீட்ல ஒப்படைக்க வச்சிருங்க. இங்க மல்லிக நல்லா வரும், மொத வாரமே ஒரு தொட்டி வாங்கி வச்சிருங்க.

இப்ப உடம்பு. சூட்டுல தெனமும் கொஞ்ச நேரம் இருந்தா ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள உடம்பு தானா மாறும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல உப்பு கம்மியா போகும், ரத்தத்துல நீர் அளவு கூடும், நெஞ்சு படபடப்பு கொறையும். இது ஏசி ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா நடக்காது. அதனால மொத ரெண்டு நாள் காலையில ஏழு மணிக்குள்ள, சாயங்காலம் ஆறுக்கு மேல மட்டும் வெளிய நடக்க விடுங்க, அப்புறம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. வேலைக்கு எறங்கி வர்ற பசங்க, கொத்தனார் வேலை, டெலிவரி வேலை பாக்குறவங்க, மொத நாளே முழு வேலை பாத்து காட்டணும்னு நிக்காதீங்க. வெயில்ல விழறவங்கள்ல நெறைய பேர் மொத சில நாள்ல விழறவங்கதான், மேஸ்திரிட்ட ஊருக்கு புதுசுன்னு சொல்லி கொறச்சு ஆரம்பிங்க.

தண்ணி குடிக்கிற பழக்கம் மலைக்காரங்களுக்கு கம்மி, தாகமே எடுக்காத ஊர். வயசானவங்களுக்கு தாகம் தெரியறதும் கொறஞ்சிரும். அதனால தாகத்துக்கு காத்திருக்காம ஒரு சொம்ப பக்கத்துல வச்சு மணிக்கொருக்கா குடிக்க வைங்க, ஒண்ணுக்கு மஞ்சளா போச்சுன்னா பத்தலன்னு அர்த்தம். மோர், நீராகாரம், கம்மங்கூழ், சீசன்ல நுங்கு எல்லாம் நல்லது. ஜிகர்தண்டா ஆசைக்கு குடிக்கலாம், தண்ணிக்கு பதிலா குடிக்கக்கூடாது. ஆறு மாசத்துக்கு உள்ள குழந்தைக்கு தண்ணி வேண்டாம், தாய்ப்பால் அடிக்கடி கொடுங்க. பிரஷர் மாத்திரை, முக்கியமா நீர் பிரியுற மாத்திரை சாப்புடறவங்க, இதயம் கிட்னி பிரச்சன இருக்குறவங்க கெளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர பாருங்க, சூட்டுல பிரஷர் எறங்கி எந்திரிக்கிறப்ப தல சுத்தி விழுவாங்க, டோஸ் மாத்த வேண்டி வரலாம், தண்ணி எவ்வளவு குடிக்கலாம்னும் அவர்தான் சொல்லணும்.

ஃபேன் ஒரு பெரிய பிரச்சன. மலை வீட்ல ஃபேனே இருக்காது, இங்க வந்த மொத ராத்திரி எங்க அத்தை, "ஏத்தா, இந்த காத்து ஒத்துக்கலடி, மேலெல்லாம் கடுக்குது, நிப்பாட்டு"ன்னுட்டாங்க. நிப்பாட்டுனா வேர்த்து தூங்க முடியாது. கட்டில ஃபேனுக்கு நேர் கீழ போடாம ஓரமா தள்ளி போட்டு ரெண்டாம் நம்பர்ல வச்சோம், பழகிட்டாங்க. பங்குனியில இருந்து புரட்டாசி வரைக்கும் இங்க காத்து வறட்சியா இருக்குறதால ஏர் கூலர் நல்லா வேலை செய்யும், சென்னையில அது பிரயோஜனப்படாது, மதுரைக்கு சரி, ஆனா ஜன்னல் தெறந்திருக்கணும், மழ மாசத்துல போட்டா பிசுபிசுன்னுதான் ஆகும். வெளிய 40ஐ தாண்டிட்டா வெறும் ஃபேன் சூட்டு காத்தத்தான் மேல அடிக்கும், அப்ப ஈரத்துணியால கை கால் கழுத்த தொடச்சு விடுங்க. ஏசிய 26ல வச்சு ஃபேனும் சேத்து போடுங்க, ரெண்டு மாச பில்லு 500 யூனிட்ட தாண்டுனா ரேட்டு எகிறும். சித்திரையில மாடி டேங்க் தண்ணி மதியம் கொதிக்கும், ராத்திரியே ரெண்டு பக்கெட் புடிச்சு வச்சிருங்க.

வெயில்ல போயிட்டு வந்தவங்க பேச்சு கொழறுனா, ஆள் அடையாளம் தெரியாம பேசுனா, உடம்பு அனலா கொதிச்சா அது சாதா மயக்கம் இல்ல, 108க்கு போன போட்டுட்டு வண்டி வர்றதுக்குள்ள நெழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, நெனவு தெளிவா இல்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க.

சமையலும் மாறும். மலையில தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும், அதனால சாதம் வேக நேரம் ஆகும், இங்க அதே நேரம் வச்சா கொழஞ்சு போயிரும். மலையில இட்லி மாவு பொங்க ராத்திரி பூரா பத்தாது, போர்வை சுத்தி வைப்போம், இங்க சித்திரையில நாலஞ்சு மணி நேரத்துல வழிஞ்சிரும், உப்ப கடைசியில போட்டு உடனே ஃப்ரிட்ஜ்ல தூக்கி வைங்க, தயிருக்கு ஒரு சொட்டு உறை போதும்.

வந்து செட்டில் ஆனதுக்கப்புறம் மே மாசம் சொந்தக்காரங்கள பாக்க மலைக்கு போவீங்க, போகணும், ஆனா ஒரு வாரத்துக்கு மேல அங்க இருந்தா பழகுன உடம்பு திரும்ப விட்டுப் போகும். அதனால மலையில இருந்து எறங்குன உடனே மறுநாள் வேலைக்கோ விசேஷத்துக்கோ ஓடாம மூணு நாலு நாள் வீட்டோட இருந்து தண்ணி, நடை எல்லாத்தையும் மொதல்ல இருந்து அதே மாதிரி ஆரம்பிங்க, பெரியவங்கள மட்டுமாவது ஆனி பொறக்குற வரைக்கும் மலையிலயே விட்டுட்டு வாங்க.